துருவி போட்ட நாய் வேஷம்

வெறிநாய் வேஷத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று துருவிக்கு ஒரு நினைப்பு இருந்தது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் விடுதியில் வைத்த பெயர் அது. அன்று மார்க்கெட் முனையில் போட்ட விழிப்புணர்வு நாடகத்தில் பற்பசையைக் குதப்பி நுரை தள்ளி, நாலு காலில் உறுமி, சக மாணவன் நீட்டிய தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டு அலறிப் பின்வாங்கினாள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. பிறகு அந்த மாணவன் மைக்கைப் பிடித்து, கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வளர்க்கிற நாய்க்கு வருஷாவருஷம் ஊசி போடுங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னதை எத்தனை பேர் காதில் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் மகளைக் கையில் பிடித்தபடி நின்றாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. தையல்காரி.

"உன் நடிப்பப் பாத்தப்புறந்தான்மா எனக்கு நிம்மதியாச்சு."

நடிப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு. நிம்மதி அடைந்தவரை துருவி இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஏன்க்கா?"

"எங்க நாய் பட்டன் ரெண்டு நாளா சாப்பிடல. அந்த நோவா இருக்குமோன்னு உள்ளுக்குள்ள ஒரே உதறல். ஆனா அது இப்படியெல்லாம் ஆடல. சத்தமே இல்லாம படுத்துக் கெடக்கு. எலும்பு சிக்கியிருக்கும்போல, வாய மூட மாட்டேங்குது."

வேறொருத்தியாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போயிருப்பாள். துருவிக்கு நேரில் பார்த்துத் துருவாமல் விட்டால் தலை வெடித்துவிடும். சட்டைக் கையால் நுரையைத் துடைத்துக்கொண்டே கூடவே நடந்தாள்.

நாயைத் தையல் அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பின்பக்கக் குழாயடியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மெஷினுக்கு அடியில், வெட்டுத் துணிகளின் மேல் பட்டன் கிடந்தது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் கம்பியாக இறங்கியது. சிறுமியைப் பார்த்ததும் வாலை லேசாக ஆட்டியது.

பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு பத்திதான். சில நாய்களுக்கு வெறி சீற்றமாக வராது, தாடை செயலிழந்து அடங்கிப்போகும் என்று இருக்கும். நாடகம் எழுதும்போது அதைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. சும்மா படுத்திருக்கும் நாயைப் பார்த்து யார் சிரிப்பார்கள் என்று வேண்டாமென்றவள் துருவிதான்.

"பட்டனுக்கு ஊசி போட்டிருக்கீங்களாக்கா?"

"வீட்டுக்குள்ளயே கெடக்கிற நாய்தானே. போன மாசம் ஒரு தெருநாய்கூட சண்ட போட்டுச்சு, அவ்வளவுதான்."

துருவி ஜன்னலிலிருந்து திரும்பினாள். "வாய்க்குள்ள கை விட்டுப் பாத்தீங்களா?"

"காலைல பாத்தேன். என் கை உள்ள போகல." தையல்காரி மகளைக் காட்டினாள். "இவளுக்குச் சின்னக் கை. நல்லா உள்ள விட்டுத் தேடினா."

சிறுமியின் விரல் முட்டியில் பல் உரசிய கோடு சிவந்திருந்தது. தாயின் கையிலும் இரண்டு கீறல்கள். துருவி குழாயைத் திறந்து இருவர் கைகளிலும் சோப்பைத் தேய்த்து, கால் மணி நேரம் தண்ணீரிலிருந்து கையை எடுக்கக்கூடாது என்றாள். ஒரு கையால் பேராசிரியருக்குப் போன் போட்டாள். கடிக்காவிட்டாலும் கீறலில் எச்சில் பட்டாலே தொற்றும், இருவரும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், இப்போதே ஊசி தொடங்கிவிட்டால் காப்பாற்றிவிடலாம், அறையை யாரும் திறக்க வேண்டாம் என்றார் அவர்.

"இன்னைக்கு எப்படிம்மா? சாயங்காலம் துணி குடுக்கணும். நாளைக்குப் போறோம். அது கடிக்கக்கூட இல்லையே."

உள்ளே பட்டன் தள்ளாடி எழுந்து தண்ணீர்க் கிண்ணத்திடம் போனது. சிறுமியின் முகம் மலர்ந்தது.

"அக்கா, பட்டன் தண்ணி குடிக்குது. நீங்க தண்ணியப் பாத்துப் பயந்தீங்கல்ல. அப்ப இதுக்கு அந்த நோவு இல்லதானே?"

தையல்காரி குழாயை மூடினாள். அவள் முகத்திலும் அதே ஆசை. துருவிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"நான் தப்பா நடிச்சுட்டேன்," என்றாள். "தண்ணியப் பாத்தா இந்த நோவு வந்த மனுஷங்கதான் பயப்படுவாங்க. நாய் பயப்படாது. குடிக்கத்தான் பாக்கும். முழுங்க முடியாது. நல்லா பாருங்க."

தையல்காரி குழாயை மறுபடியும் திறந்து, மகளின் கையை இழுத்துத் தண்ணீரில் பிடித்தாள். மூவரும் ஜன்னலையே பார்த்தார்கள்.

பட்டன் முகத்தைக் கிண்ணத்தில் அழுத்தி வெகுநேரம் நக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குறையவே இல்லை.