லைட் எரிகிற வீடுகள்

ரிட்டயர் ஆன பிறகும் என் வீட்டுக்காரருக்கு ரைட்டர் புத்தி போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கு எடுத்தவர். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் பேரைக் கொடுத்துவிட்டுச் செடி மறைவில் படுத்துத் தூங்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகின கண். வேலை விட்டதும் அந்தக் கண்ணுக்கு எஸ்டேட் இல்லை, அதனால் தெருவைப் பிடித்துக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குல்லாயைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்பார். சரிவில் ஒவ்வொரு வீடாக லைட் எரிய ஆரம்பிக்கும். "கார்த்தி ஊடு வந்துருச்சு. சசிகலா ஊடு வந்துருச்சு. ஆன்மேரி டீச்சர் ஊடும் வந்துருச்சு கௌரி" என்று உள்ளே இருக்கிற எனக்குக் கேட்கும்படி சொல்வார்.

லைட்டுதான் வந்திருக்கும், ஆளைக் காணோமே என்று நான் அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பேன். உனக்கு எப்பவும் குறைதான் என்பார். இப்படித்தான் எங்கள் சாயங்காலம் ஆரம்பிக்கும்.

வெள்ளக்கடை போகிற ரோட்டிலிருந்து படி ஏறி வந்தால் எங்கள் ஸ்டாஃப் காலனி. காப்பி விலை அடிமட்டத்துக்குப் போன ஒரு வருஷம், எஸ்டேட் முதலாளி இந்தச் சரிவை மனை போட்டு, வேலை பார்க்கிறவர்களுக்கே கொடுத்தார். எல்லோரும் ஒரே சமயத்தில் வீடு கட்டினோம். மணலைத் தலையில் சுமந்து ஏறினது இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நாலு வீட்டிலிருந்து யார் அடித்தது என்று குரல் வரும். சண்டைக்கும் குறைவில்லை. சசிகலாவோடு நான் ஒரு முருங்கை மரத்துக்காக இரண்டு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

பிள்ளைகள் படித்தார்கள். படித்தவர்களுக்கு மலையில் என்ன வேலை? சேலம், ஓசூர், பெங்களூர் என்று இறங்கினார்கள். பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், வீடுகள் விலைக்குப் போயின. வாங்கினவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இடிந்த சுவரைக் கட்டினார்கள், பளிச்சென்று வண்ணம் அடித்தார்கள், வாசலில் ஊஞ்சல் போட்டார்கள். சனிக்கிழமை காரில் வந்து ஞாயிற்றுக்கிழமை காரில் போனார்கள். டீச்சர் வீட்டை வாங்கினவர் பேர் ஜெயபிரகாஷ், பெங்களூரில் கம்பெனி வேலை. என் வீட்டுக்காரர் மட்டும் யார் வாங்கினாலும் வீட்டின் பேரை மாற்றவே இல்லை. கடைசி வரைக்கும் அது ஆன்மேரி டீச்சர் வீடுதான்.

அவரைக் கேட்டால் காலனி ஓகோவென்று இருக்கிறது. கீழே தார் ரோடு வந்துவிட்டது, மனை விலை எங்கேயோ போய்விட்டது, முன்னே இருட்டுக் காடாய்க் கிடந்த தெரு இப்போது பார் என்பார். என்னைக் கேட்டால் பால்காரன் வருவதை நிறுத்திய அன்றைக்கே எங்கள் தெரு செத்துவிட்டது. ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்க ஒரு கதவு இல்லாத இடத்துக்குத் தெரு என்று என்ன பேர்?

காளியாயி அக்காவைக் கேட்டால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கும். சரிவுக்குக் கீழே, ரோட்டைத் தாண்டி, தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். நீங்கள் வருவதற்கு முன்னால் இது சாமை விதைத்த காடு, நீங்கள் வந்தபோது நாங்கள்கூட எல்லாம் போச்சு என்றுதான் அழுதோம் என்று அது ஒரு நாள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அதுவரை நான் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை.

போன வருஷத்திலிருந்துதான் இந்த லைட். அதுவரை சனி, ஞாயிறு மட்டும் எரிந்தது, தினமும் எரிய ஆரம்பித்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்களாம், அதனால் நிரந்தரமாக வந்துவிட்டார்கள் என்று அவராகவே ஒரு கதை கட்டிக்கொண்டார். பகலில் கதவு பூட்டியே இருக்கிறதே என்றேன். குளிருக்குச் சாத்தி வைத்திருப்பார்கள் என்றார். கேட்டில் பூட்டுத் தொங்குகிறதே என்றேன். பின் வாசல் இருக்கும் என்றார். ஆள் வராமலே பேர் கொடுக்கிற பேர்வழிகளை எஸ்டேட்டில் பிடித்தவர், இங்கே மட்டும் ஏமாறத் தயாராக இருந்தார்.

எனக்கு அதில் விளையாட்டில்லை. அதற்கு முந்தைய வருஷம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்திருந்தார்கள். சேலத்தில் இருக்கிற எங்கள் மகள் ஹரிணி, வந்துவிடுங்கள் என்று வாரா வாரம் கூப்பிட்டாள். நானும் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஓர் ஆத்திர அவசரத்துக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் கையை நீட்டி அந்த லைட்டுகளைக் காட்டுவார். "இத்தன ஊட்டுல ஆள் இருக்கறப்ப நமக்கென்ன கௌரி?"

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு புதன்கிழமை. வழக்கம்போல் வாசலுக்குப் போனார். கார்த்தி ஊடு வந்துருச்சு என்றது கேட்டது. அடுத்த பேர் வரவில்லை. எட்டிப் பார்த்தால் படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை, அந்தக் குளிரில்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். உடனே கிளம்புகிறோம், ஆனால் வண்டி ரோட்டோடு சரி, படியில் ஏறாது, கீழே கொண்டுவர ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் நல்ல உயரம், நல்ல கனம். நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்? அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு ஓடினேன்.

தெரு முழுக்க லைட் எரிந்துகொண்டிருந்தது. அத்தனை வெளிச்சத்தில் ரோட்டுக்குக் கீழே இருக்கிற காளியாயி அக்கா நினைவுக்கே வரவில்லை. வருஷம் முழுக்க யாருமில்லை, யாருமில்லை என்று சண்டை போட்டவள் நான். அன்றைக்கு மட்டும் அவர் சொன்னது நிஜமாக இருக்கட்டும், நான் சொன்னதெல்லாம் பொய்யாகப் போகட்டும் என்று மலைச் சாமி சேர்வராயனை வேண்டிக்கொண்டே ஓடினேன். கார்த்தி வீட்டு கேட்டை ஆட்டினேன். சசிகலா வீட்டு ஜன்னலைத் தட்டினேன். உள்ளே சோபா தெரிந்தது, மேஜையில் பூ தெரிந்தது. டீச்சர் வீட்டு கேட்டில் ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்திக்கொண்டே நின்றேன்.

"யாருங்க?" என்று ஓர் ஆண் குரல் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சு வலிங்க. கீழ ரோட்டு வரைக்கும் தூக்கோணுங்க. கொஞ்சம் வெளிய வாங்க சாமி."

அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது. "அம்மா, நான் பெங்களூர்ல இருக்கேன்."

"லைட் எரியுதுங்களே?"

"அது இங்கிருந்தே போன்ல போடறதும்மா."

"பக்கத்து ஊட்டுல யாராச்சும்?"

"எல்லாருமே அப்படித்தாம்மா போட்டிருக்கோம். ஆள் இருக்கிற மாதிரி தெரியணும்னு."

நான் திரும்பி ஓடினேன். பின்னாலிருந்து அந்தக் குரல் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

குரல் கொடுத்த ஜெயபிரகாஷைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வீட்டுக்கு ஆரஞ்சும் மிளகும் கொடுக்கிறவன் காளியாயி அக்கா மகன் சின்னன். அவனுக்குப் பெங்களூரிலிருந்து போன் போயிருக்கிறது. அவனும் இன்னும் மூன்று பேரும் கம்பளியோடு படியேறி வந்தார்கள். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு காளியாயி அக்கா. கம்பளியில் கிடத்தித் தூக்கினார்கள். மலையில் முடியாதவர்களை அப்படித் தூக்கிப் பழகினவர்கள், ஓர் இடத்திலும் குலுங்கவில்லை.

பாதிப் படியில் கண்ணைத் திறந்தார். கம்பளியைப் பிடித்திருந்த கைகள் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். "யார் யார் ஊட்டுலருந்து வந்துருக்காங்க?" என்று கேட்டார்.

நான் அவர் காதோடு குனிந்தேன். "எல்லாரும் வந்துருக்காங்க. கார்த்தி ஊடு, சசிகலா ஊடு, டீச்சர் ஊடு, எல்லா ஊட்டுலருந்தும் வந்துருக்காங்க."

தலையை ஆட்டினார். சொன்னேனே என்பதுபோல் இருந்தது அது. சேலம் போய்ச் சேரவில்லை. மலை இறங்குகிற வளைவுகளில் ஏதோ ஒன்றில் என் கைக்குள் இருந்த அவர் கை கனத்துப்போனது.

மூன்றாம் நாள் ஜெயபிரகாஷ் வந்தார். சின்ன வயசுதான். வாசலில் நின்று அழுதார், உள்ளே வரவில்லை. வருஷக்கணக்கில் நான் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தது அந்தத் தெருவில் வீடு வாங்கினவர்கள் மேல்தான். ஆள் எதிரே நிற்கும்போது உட்காருங்க, காப்பி குடிங்க என்று மட்டும் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஹரிணி என்னைச் சேலத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். நான் இத்தனை வருஷமாகக் கேட்டது இதைத்தானே? மூன்றாவது மாடி. அக்கம்பக்கத்தில் தாளிக்கிற வாசனை, குழந்தைகள் அழுகிற சத்தம், எல்லாம் இருக்கிறது. அவர் இல்லை. சண்டை போட ஆள் இல்லாமல் வாய் வறண்டு போகிறது.

தை மாசத்தில் மருமகன் மேலே போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த அன்று சாயங்காலம் ஹரிணி போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இங்க பாரும்மா, நம்ம ஊடு." மருமகன் மாட்டிவிட்டு வந்த கேமராவில் எங்கள் வாசலும், அவர் உட்கார்ந்த படியும் தெரிந்தன. இங்கிருந்தே போட்ட லைட் எரிந்தது. திருட்டுப் பயம் இல்லையாம், நாளைக்கு விற்றாலும் நல்ல விலை போகுமாம். அப்பாவுக்கும் வாசலில் லைட் எரிந்தால் பிடிக்குமே என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஆசையாகச் செய்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. காளியாயி அக்கா. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எப்ப கண்ணு வந்த? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கீழருந்து வெளிச்சத்தப் பாத்தேன். வந்த அலுப்புல எங்க ஆக்கியிருப்பன்னு சாமச் சோறும் மொச்சக் கொழம்பும் எடுத்துக்கிட்டு வந்து நிக்கறேன். எத்தன தடவ தட்டறது, கதவத் தொற."

ஹரிணியின் போனில் பார்த்தேன். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கையில் தூக்குப் பாத்திரத்தோடு, எங்கள் கதவில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தது அக்கா. உள்ளே நான் நடந்து வருகிற சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறது.

"அக்கா, நான் வரலைங்க. சேலத்துலதான் இருக்கேன்" என்றேன்.

அது கதவிலிருந்து காதை எடுத்தது. மேலே எரிகிற லைட்டை நிமிர்ந்து பார்த்தது.

"உன் ஊட்டுலயுமா கௌரி?"

பார்த்துப் படி இறங்குங்கக்கா, ஈரமாக இருக்கும் என்று மட்டும் சொல்ல முடிந்தது. இறங்கினது. முட்டி வலிக்கு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றி, படத்தை விட்டு மறைந்தது. கீழே ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போனில் சொல்லும்வரை நான் வைக்கவில்லை.

அப்புறம் ஹரிணியிடம் சொன்னேன். "அணைச்சுரு சாமி. இனிமே போடாத."

அவள் போனை விரலால் ஒரு தடவை தொட்டாள். அப்பா இருந்தால் இதற்கு உன்னோடு சண்டை போட்டிருப்பார் இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.