இரண்டாம் பந்தியின் முட்டைக்கோஸ்

முதல் பந்தியில் தட்டை வழித்துச் சாப்பிடப்படும் முட்டைக்கோஸ், இரண்டாம் பந்தியில் ஏன் அப்படியே திரும்பி வருகிறது? பேருந்துப் பணிமனை உணவகத்தின் சமையல்காரிக்கு விடை தெரியவில்லை. ஒரே கூடையில் வந்த கோஸ். ஒரே சட்டியில் வெந்தது. உப்பும் மிளகுத்தூளும் கூட ஒன்றுதான். முதலில் உட்காரும் மெக்கானிக்குகள் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள். காலை ஓட்டம் முடித்து வரும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

அவள் பொறுப்புக்கு வருவதற்கு முன் அங்கே தினமும் ஏதாவது பொரித்துப் போடுவார்கள். நாள் முழுக்க இருக்கையை விட்டு எழாதவர்களுக்கு அது ஆகாது என்று அவள்தான் நிறுத்தினாள். அந்தந்தப் பருவத்தில் வயலில் எது விளைகிறதோ அதுதான் சமையல். வெயில் காலத்தில் சுரை, வெள்ளரி. குளிர் வந்தால் கோஸ், கேரட், பட்டாணி. பருவத்துக்காய் தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை, கிடங்கில் கிடக்க வேண்டியதில்லை. பறித்த சூட்டோடு வருவதால் சுவையும் சத்தும் குறையாமல் இருக்கும். இதை அவள் கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். அதனால் பணிமனை அவளுக்கு வைத்த பெயர் கீரைக்கா.

அன்று மேலாளர் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, தொட்டியைப் பார்த்தீங்களா? அது குப்பைத் தொட்டியா, காய்கறிக் கடையா?"

"பார்த்தேன் சார்."

"திங்கட்கிழமையிலிருந்து பாக்கெட் சாப்பாடு. கம்பெனிக்காரங்க கொண்டு வந்து இறக்கிடுவாங்க. நீங்க சூடு பண்ணிக் கொடுத்தா போதும்."

"சூடு பண்ண நான் எதுக்கு? ஒரு இஸ்திரிப் பெட்டி போதுமே."

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். "கோபப்படாதீங்க. டிரைவருங்க நாக்கு பொரிச்சதுக்குப் பழகிடுச்சு. அவங்களைத் திருத்த முடியாது."

"மெக்கானிக்குங்க நாக்கு மட்டும் வேற கடையில வாங்கினதா? அவங்க சாப்பிடுறாங்களே! பாக்கெட் இந்த வாசப்படி ஏறாது சார். ஏறினா நான் இறங்கிடுவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, தொட்டி நிறைந்துதான் இருந்தது.

இதில் அவளுக்கு இன்னொரு குத்தல். இரண்டாம் பந்தியில் கோஸை ஒதுக்குபவர்களில் அவள் கணவரும் ஒருவர். அவரும் அங்கே ஓட்டுநர். அன்று சாயங்காலம் வீட்டில் அவள் வேண்டுமென்றே கோஸையே வதக்கி வைத்தாள். அவர் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டார்.

"இது இனிக்குதே. எங்க வாங்கின?"

"உணவகத்துக்குப் போடுற அதே கடைக்காரர்கிட்ட. அதே கோஸ்."

"சும்மா சொல்லாதே. அது ஒரு மாதிரி நாறும்."

"நாறுமா? அங்க சமைக்கிறது யாருன்னு நினைச்சீங்க?"

"அப்ப உன்னைத்தான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் மிச்சத்தையும் போட்டுக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாள் இரண்டாம் பந்தி உட்கார்ந்ததும், பாத்திரம் கழுவும் அம்மாவிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, ஓட்டுநர்களுக்கு நடுவில் தானும் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் பார்க்க ஒரு தட்டு நிறைய கோஸ் தின்று காட்டிவிட வேண்டும் என்பது அவள் திட்டம்.

"நல்லா நிறைய போடுங்கம்மா. இதுல என்ன குறைன்னு இன்னைக்குத் தெரிஞ்சிடணும்."

விசில் என்று பெயர் வாங்கிய நடத்துநர் எதிரே இருந்து குரல் கொடுத்தார். "அக்கா, பக்கத்துல தண்ணி வெச்சுக்கங்க."

"உனக்கு வேணும்னா வெச்சுக்க."

முதல் வாயை ரோஷத்தில் விழுங்கிவிட்டாள். இரண்டாவது வாயில் அவள் தாடை நின்றுவிட்டது. கோஸ் குழைந்து, பழுப்பேறி, கெட்டுப்போன முட்டையின் வாடையோடு நாக்கில் ஒட்டியது.

"என்னக்கா, இறங்கலையா?" என்றார் விசில். மேசை முழுக்கச் சிரித்தது. அவள் கணவர் மட்டும் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவள் வாயில் இருந்ததை முழுவதுமாக மென்று விழுங்கினாள். பிறகு எழுந்து நின்றாள்.

"நீங்க ஒதுக்கினது சரிதான். இதை நானே சாப்பிட மாட்டேன். ஆனா இதை வெச்சுக்கிட்டு பாக்கெட்டைக் கொண்டு வரலாம்னு யாரும் நினைக்காதீங்க. தப்பு கோஸ் மேல இல்ல."

தப்பு எங்கே என்பது அவளுக்கு அந்த இரண்டாவது வாயிலேயே பாதி புரிந்துவிட்டது. அவள் எப்போதும் உப்புப் பார்ப்பது அடுப்பிலிருந்து இறக்கியதும்தான். சாப்பிடுவதும் முதல் பந்தியோடுதான். இரண்டாம் பந்தியின் கோஸை அவள் ருசித்ததே இல்லை.

நேராகச் சூடு மேசைக்குப் போனாள். அடியில் வெந்நீர் கொதிக்க, மேலே பாத்திரங்கள் உட்கார்ந்திருக்கும் மேசை அது. யாருக்கும் ஆறிய சாப்பாடு போடக்கூடாது என்பது அவள் வைராக்கியம். அதனால் மிஞ்சியதையெல்லாம் இறுக மூடி அதன் மேல் வைத்துவிடுவாள். மூடியைத் தூக்கினாள். உட்புறம் திரண்டிருந்த நீர் சொட்டுச் சொட்டாக மறுபடி கோஸின் மேலேயே விழுந்தது.

அடுப்பிலிருந்து இறக்கினால் சமையல் முடிந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சூடு இருக்கும்வரை காய் வெந்துகொண்டேதான் இருக்கும். கோஸுக்குள் கந்தகம் கலந்த பொருள்கள் உண்டு. கொஞ்ச நேரம் வெந்தால் அவை அடக்கமாக இருக்கும், காயின் இனிப்புதான் முன்னால் நிற்கும். நேரம் கூடக் கூட அவை உடைந்து, அந்த முட்டை வாடை கிளம்பும். பச்சைக் காய்களில் இன்னொன்றும் நடக்கிறது. வேகும்போது காயிலிருந்து கொஞ்சம் புளிப்பு அமிலம் வெளியேறும். திறந்த சட்டியில் அதில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். மூடி போட்டால் திரும்பக் காயிலேயே சொட்டி, பச்சை நிறத்தைக் கொன்று பழுப்பாக்கும். சூட்டுக்குத் தாங்காத சத்துகளும் இதற்குள் குறைந்துபோகும். ஆக, மெக்கானிக்குகள் சாப்பிட்டது கோஸ். ஓட்டுநர்களுக்கு முன்னால் வைக்கப்பட்டது கோஸின் மிச்சம்.

மேலாளரின் அறைக்குப் போனாள்.

"சார், நாளைக்கு மட்டும் பாருங்க. நாளைக்கும் தொட்டி நிறைஞ்சா, அதை நானே தலையில தூக்கிட்டு வெளியே போறேன்."

"நான் கம்பெனிகிட்ட சொல்லிட்டேனே அக்கா."

"வேண்டாம்னும் சொல்லலாம், அதே போன்தான்."

இரண்டாம் பந்திக்கு ஆட்கள் வந்த பிறகுதான் கோஸை வேக வைக்கப்போவதாக அவள் சொன்னதும், பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு வேறு கவலை. "பஸ் வந்தப்புறம் அடுப்பு மூட்டினா, பசியோட வர்றவங்க நம்மளையே பிடுங்கித் தின்னுடுவாங்க."

"கை கழுவிட்டு வந்து உட்காருறதுக்குள்ள கோஸ் வெந்துடும்மா. மெல்லிசா நறுக்கியிருந்தா போதும். தண்டு கெட்டி, அதைத் தனியா முதல்ல போட்டுடலாம்."

மறுநாள் நறுக்கிய கோஸில் பாதி, ஈரத்துணிக்கு அடியில் பச்சையாகவே காத்திருந்தது. முதல் பேருந்து வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதும், அகலமான இரும்புச் சட்டி அடுப்பில் ஏறியது. கொஞ்சம் எண்ணெய், ஒரு கை தண்ணீர், முழுத் தீ. தண்டு முதலில், இலை பிறகு. நிறம் பளிச்சென்று மாறிய நொடியில் இறக்கி நேராகத் தட்டுகளில் போட்டாள்.

விசில் முகர்ந்து பார்த்தார், தின்றார், பிறகு தட்டை நீட்டினார்.

"தண்ணி வேணுமாடா?" என்றாள் அவள்.

"கோஸ் வேணும்க்கா."

மேலாளர் தொட்டியை எட்டிப் பார்த்தார். அடியில் கேரட் தோலும் முட்டைக்கோஸின் வெளி இலைகளும் கிடந்தன. அவர் அங்கேயே நின்று போனை எடுத்து, பாக்கெட் வேண்டாம் என்று சொன்னார்.

அன்றிலிருந்து அந்தச் சமையலறையில் நடைமுறை இதுதான்: சோறு, பயறு, பூசணி ஆகியவை காத்திருக்கும், அவை மூடியோடு சூடு மேசையில் இருக்கலாம். கோஸ், பீன்ஸ், கீரை காத்திருக்காது. அவற்றைக் காலையில் கழுவி நறுக்கி மட்டும் வைக்க வேண்டும். ஒவ்வொரு பந்திக்கும் ஆட்கள் வந்த பிறகு, அந்தப் பந்திக்கு வேண்டியதை மட்டும், அகலச் சட்டியில், மூடாமல் வேக வைத்து உடனே போட வேண்டும்.