தகனப் புத்தகத்தில் தங்கைக்கு ஓர் இடம்

கால்வாய்கள் ஓடும் தொன்புரியில் வசதியுள்ளவர் இறந்தால், தகனத்துக்கு வருபவர்களுக்கு அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதை எழுதிக்கொடுப்பதுதான் சுதினின் பிழைப்பு. லம்துவான் டீச்சர் மட்டும், தான் உயிரோடு இருக்கும்போதே தன் புத்தகத்தை எழுதச் சொன்னார்.

கைப்பிரதியைப் படித்துவிட்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கதை நல்லா ஓடுது. என் தங்கச்சி சமோன் எங்க?"

"பேசி முப்பது வருஷம் ஆச்சுன்னீங்களேம்மா. கதைக்குத் தேவையில்லன்னு எடுத்துட்டேன்."

"அவளுக்காகத்தானப்பா புத்தகமே போடறேன். நான் நெஜமாவே செத்துட்டேனான்னு பாக்க வருவா. அப்ப படிக்கட்டும். பதில் பேச நான் இருக்க மாட்டேன், அவளும் வாயத் திறக்க முடியாது."

குற்றம் இதுதான்: கோயில் திருவிழாச் சமையல் போட்டியில், அக்கா இடித்த மசாலாவில் மீன் உருண்டைக் குழம்பு வைத்துத் தங்கை முதல் பரிசு வாங்கிவிட்டாள்.

வாழ்க்கையில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தால்தான் கதை நிற்கும் என்பது சுதின் தொழிலில் கற்ற பாடம். இத்தனை வருடங்களாக இந்த அம்மாளின் கவனமெல்லாம் கால்வாய்க்கு அக்கரையில் இருந்த ஒரே ஒருத்தி மேல்தான் இருந்திருக்கிறது. சுதின் அவளை வெட்டிவிட்டு மீதியை எழுதியிருந்தார்.

புதுப் பக்கத்தை எழுதினார். பத்திரிகையில் வேலை பார்த்த பழக்கம் விடவில்லை. எதிர்த்தரப்பையும் கேட்போம் என்று அதைச் சமோனிடம் காட்டினார். மறுநாள் அந்தத் தாளோடு சமோனே படியேறி வந்துவிட்டாள்.

"மசாலா உன்னோடது. சரி. தேங்காப்பால் யாரு பிழிஞ்சா? உருண்டைக்கு மீன யாரு அடிச்சுப் பெசஞ்சா? அதையும் எழுதச் சொல்லு."

"தேங்காப்பால் பெரிய வித்தையாக்கும்."

"செஞ்சு காட்டவா? இந்தத் தம்பி தின்னு பாத்து எழுதட்டும்."

டீச்சர் உரலை இழுத்துப்போட்டு இடிக்க ஆரம்பித்தார். சமோன் தேங்காய் துருவினாள். "இன்னும் நைசா இடி." "நீ பால்ல தண்ணிய ஊத்தாத." அதட்டலும் உரல் சத்தமும் மதியம்வரை ஓயவில்லை. சுதின் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருந்தார்.

குழம்பு வந்தது. இருவரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஆளுக்குப் பாதி வெற்றி என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று யோசித்தார். பொய் எழுதிப் பழக்கம் உண்டு, சொல்லிப் பழக்கமில்லை.

"உப்புக்கு ஊத்தின மீன் சாறு கொஞ்சம் தூக்கலா இருக்கு."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவனுக்கு நாக்குல ருசியே இல்ல," என்றாள் சமோன்.

"இவனப் போய் எழுதச் சொன்னேன் பாரு," என்ற டீச்சர் தங்கைக்குச் சோறு போட்டார். "நீ சாப்டுடி. தம்பி, நீ புத்தகத்த வச்சுட்டுக் கெளம்பு."