நீல மாப்பிள்ளை

"மாப்பிள்ளை போட்டோவ மொதல்ல கொண்டாங்க, பொறகு பேசலாம்" என்றேன்.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஆத்தா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்ணின் போட்டோ ஊர் ஊராகப் போகும், எவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும், திரும்பி வராது. மாப்பிள்ளையின் போட்டோவைக் கேட்பது அவனுக்குக் கண் இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று சந்தேகப்படுவதாகும். எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்டேன்.

கேட்டது ஆத்தாவின் தம்பி நல்லதம்பி மாமாவிடம். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித்தோப்புக்காரர் வீடு, ஒரே பையன், பேர் திருப்பதி என்று சம்பந்தம் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். இவளைத் திருச்சிக்குப் படிக்க அனுப்பியது யார் குற்றம் என்று இருவரும் கண்ணாலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், ஆண்களையும் சேர்த்து. கீரனூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேலையில் சேர்ந்தால் ஆவணியில் கல்யாணம் நடக்காது. கல்யாணம் நடந்தால் வேலைக்கு விடமாட்டார்கள். விஷயம் இவ்வளவுதான்.

அடுத்த வாரம் மாமா மஞ்சள் துணியில் சுற்றி ஒரு கண்ணாடித் தகட்டைக் கொண்டுவந்தார். காகிதப் படங்களைச் செல் அரித்துவிட்டதாம். ஸ்டூடியோக்காரர் பிடித்த மூலமே இதுதான், அசலையே கொடுத்துவிட்ட பிறகு நகல் எதற்கு என்று கேட்டார்.

ஆத்தா தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தெரியும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"தலையெல்லாம் நரைச்சுக் கெடக்கு. பல்லு கறுப்பு. மொகம் வெள்ளைக்காரன் கணக்கா இருக்கு. இதுக்கா எம்மக படிச்சா?"

அப்பா வாங்கிப் பார்த்தார். "கறுப்பு வேட்டி கட்டியிருக்கானே, எந்தக் கட்சி?" என்று மாமாவிடம் கேட்டார்.

தகட்டின் ஒரு பாதியில் சிவப்பாக எதையோ கெட்டியாகப் பூசியிருந்தது. குங்குமம் என்று ஆத்தா முடிவு செய்தாள். மங்கலமாகப் பூசி அனுப்பியிருக்கிறார்கள் என்றதும் நரையும் கறுப்புப் பல்லும் மறந்துபோயின. தகடு சாமி படங்களுக்கு நடுவே ஏறியது. வெள்ளிக்கிழமை சூடம் காட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் மருமகளுக்குப் பிள்ளை வரம் கேட்டுவிட்டுப் போனாள். நான் பார்க்கக் கேட்ட ஆளை ஊரே கும்பிட்டுக்கொண்டிருந்தது.

புதுக்கோட்டை ஸ்டூடியோவில் அச்சுப் போட்டு வருகிறேன் என்றேன். கல்யாணமாகாத பெண் அன்னிய ஆம்பிளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதா என்று அப்பா குதித்தார். அப்படியானால் வீட்டிலேயே போடுகிறேன் என்றேன். ஆம்பிளை வெளியே போகாதவரைக்கும் அப்பாவுக்குச் சம்மதம்.

என்னோடு படித்த செபமாலை திருச்சியில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். எழுதிக் கேட்டேன், இரண்டு பொட்டலம் அனுப்பினாள். ஒன்றில் பச்சை கலந்த பழுப்புச் செதில், மற்றதில் சிவப்புப் படிகம், இரண்டும் இரும்பு உப்புகள். நூறு வருஷத்துக்கு முந்திய முறை இது. கட்டட வரைபடத்தை நீலத்தில் நகல் எடுப்பது இப்படித்தான். வெள்ளி உப்பு வேண்டாம், வெயில் போதும்: வெயில் பட்ட இடம் நீலமாகும், படாத இடம் கழுவினால் வெள்ளையாக நிற்கும். நார்த்தாமலைப் பாறைக்குக் கீழே பிறந்தவளிடம் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துக் கலந்தேன். கெட்டித் தாளில் பஞ்சால் பூசி, வெளிச்சம் படாமல் காயட்டும் என்று நெல் குதிருக்குள் தொங்கவிட்டேன். நெல் அள்ள வந்த ஆத்தா, தாள் ஈரமாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு எடுத்துப்போய் மோர்மிளகாயோடு முற்றத்தில் காயப்போட்டாள். கழுவினேன். தாள் முழுக்க நீலம். மாப்பிள்ளை இல்லாத வெறும் வானம்.

மறுநாள் வேறு தாள். அதன்மேல் தகட்டை வைத்துக் கட்டி முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆத்தா தகட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டு வெயில்ல மாப்பிள்ளையப் போட்டுட்டுப் போறியேடி, நாளைக்கு ஒரு பேச்சு வந்துறாதா?" அந்தத் தாளில் மீசை மட்டும் லேசாக விழுந்திருந்தது.

மூன்றாவது தாளுக்கு நான் கம்போடு காவல் நின்றேன். பித்தளை அண்டாவில் போட்டு அலசினேன். மஞ்சள் கரைந்து ஓடியது, நீலம் ஏறியது. வந்தான் மாப்பிள்ளை. நாற்காலியில் கால்மேல் கால், மீசை, தலை நிறைய முடி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவன் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். பெண் என்றால் பெண்ணில்லை, பெண் அளவுக்கு வெள்ளை. கொண்டை, தோள், பாதம்வரை இறங்கும் சேலை, எல்லாம் வெட்டி எடுத்ததுபோல் வெறும் காகிதம். அந்தச் சிவப்பு குங்குமமில்லை, ஸ்டூடியோவில் ஆளை மறைக்கப் பூசும் மை. வெயிலை உள்ளே விடாது. பூசியவன் ஓரிடத்தில் கவனம் தப்பியிருந்தான். நாற்காலியின் முதுகில் வளையல் போட்ட ஒரு கை மட்டும், நான்கு விரலோடு, நீலத்தில் தெளிவாக இருந்தது.

தூண் என்றார் அப்பா. மோகினி என்றாள் ஆத்தா. மாமா நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒனக்குத்தான் புள்ள எடம் விட்டுருக்காங்க."

அப்பாவின் முகம் தெளிந்தது. பெண் பார்ப்பதற்கு முன்பே இடம் ஒதுக்கிவைக்கும் பெரிய மனசு யாருக்கு வரும் என்றார்.

"அந்தக் கை யாரு கை?" என்று கேட்டேன்.

"ஸ்டூடியோக்காரன் கை."

"வளையல் போட்டிருக்கானே மாமா."

"டவுன்ல அப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமை அவர்களே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மூக்காயி, தலைப்பாகையோடு மாப்பிள்ளை, முக்காலியும் பெரிய பெட்டிக் கேமராவும் தூக்கிக்கொண்டு ஒரு போட்டோக்காரர். மாப்பிள்ளை நீலமாக இல்லாதது ஆத்தாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மூக்காயி எதையும் மறைக்கவில்லை. கை செவந்தியுடையது. மூத்த தாரம். பிள்ளை இல்லை என்று பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டாயிற்று. உயிரோடு, நல்லபடியாகத்தான் இருக்கிறாள். ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டுவது குற்றம், சட்டம் வந்து பத்து வருஷமாகிறது என்றேன். அதெல்லாம் மெட்ராசில் என்றாள்.

"கண்ணாடியப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீங்கன்னு நெனச்சோம். படிச்ச புள்ளைங்கறது மறந்துபோச்சு தாயி" என்று என் கன்னத்தைத் தடவினாள்.

அப்பா தரையைப் பார்த்தார். இப்போது எழுந்திருப்பார் என்று காத்திருந்தேன். அவர் எழவில்லை. காப்பி போடச் சொன்னார்.

போட்டோக்காரர் வந்த காரணத்தை மூக்காயியே விளக்கினாள். மகனுக்கு இப்போது முடி கொட்டிவிட்டது, இதுபோல இன்னொரு படம் எடுக்க முடியாது. ஆகவே என்னைத் தனியாக எடுத்து, வெட்டி, அந்த வெள்ளைக்குள் ஒட்டிவிட்டால் கல்யாணப் படம் தயார். மடியிலிருந்து நூலை எடுத்தாள். படத்து வெள்ளையை அளந்தாள், நாற்காலியை அளந்தாள், என்னை அளந்தாள். கொஞ்சம் உயரம் கூடுதல், தலையைக் குனிந்து நின்றால் சரியாகிவிடும் என்றாள்.

"கைய மட்டும் பின்னால கட்டிக்க. கைதான் ஏற்கனவே இருக்கே."

மாப்பிள்ளை நீலப் படத்தை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"நல்லா வந்திருக்கு. இன்னொரு காப்பி கெடைக்குமா?"

முற்றத்தில் நிறுத்தினார்கள். நின்றேன். அண்டாத் தண்ணீரில் அந்த விரல்கள் தெளிந்தபோதே முடிவு செய்தாகிவிட்டது. இத்தனை நேரம் நின்றது, நம் வீட்டு ஆட்களில் எவராவது வாயைத் திறப்பார்களா என்று பார்க்க. மாமா என் முந்தானையைச் சரிசெய்யச் சொன்னார். அவ்வளவுதான் திறந்தது.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். இடது பக்கம் தள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தள்ளினேன். இன்னும் கொஞ்சம் என்றார். தள்ளினேன். போதும் என்றார். எனக்குப் போதவில்லை. வாசல் வரைக்கும் தள்ளினேன்.

"எங்கடி போற?" என்றாள் ஆத்தா.

"கீரனூருக்கு. நாளைக்கு வேலையில சேர்றேன்."

அசையாதீர்கள் என்றது கறுப்புத் துணி. ஒரு அளவுக்கு நீங்களாவது வந்து நில்லுங்கள் என்று மூக்காயி ஆத்தாவைக் கூப்பிடுவது கேட்டது. நான் படலைத் தாண்டிப் பஸ் ரோட்டில் இறங்கியிருந்தேன்.