தேர்தல் முடிந்த பிறகும் ஒரு பலகை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் வெனான்சியா. கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டாள். நாங்கள் இருவரும் மருத்துவமனைத் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். ஒரு விரிப்பின் இரண்டு முனை அவளுக்கு, இரண்டு முனை எனக்கு. மடித்து மடித்து நடுவில் சந்திக்கும்போது ஒரு வாக்கியம் பேசுவாள். அடுத்த விரிப்புக்கு அடுத்த வாக்கியம். இந்தக் கதை எனக்கு அப்படித்தான் வந்தது, துண்டு துண்டாக, சூட்டோடு.

"எழுதறதுன்னா எழுது. ஆனா நான் அழுதேன்னு எழுதாதே. நான் அழலே. அப்படி எழுதினே, நாளையிலேர்ந்து நாலு முனையையும் நீயே பிடிச்சுக்கோ."

ஆகவே இந்தக் கதையில் அவள் அழமாட்டாள். கண்ணீர் தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இங்கே இருப்பது எரிச்சல். எனக்கு இன்னும் அது அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். அடங்கிய பிறகு எதற்கு எழுத வேண்டும்?

2

முதல் தொடக்கம்:

"எரிமலைச் சரிவின் மேல் பொன்னிறச் சூரியன் மெல்ல —"

அடித்துவிட்டேன். தீவின் எங்கள் பக்கத்தில் காலையில் மழைதான். ஹவாய் என்றால் சூரியன் என்று நினைப்பவர்கள் விமானத்தில் வந்து மறு பக்கம் இறங்குகிறார்கள். அவர்கள் படுத்த விரிப்பை மடிக்கிறவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். அது வேறு கதை.

இரண்டாவது தொடக்கம்:

"கவுன்சில் உறுப்பினர் கிளிஃபர்ட் நாகமினே நல்ல மனிதர்."

இதுவும் வேண்டாம். உண்மைதான், அதனால்தான் வேண்டாம். அவரை முதல் வரியில் நிறுத்தினால் கதை முழுக்க அவரே நின்று கையாட்டுவார். அவருக்கு அது பழக்கம்.

மூன்றாவது:

"வெனான்சியாவின் தங்கை லூர்தெஸை அந்தச் சாலையில் ஒரு பிக்அப் வண்டி தூக்கி எறிந்தபோது —"

இதை எழுதிவிட்டுக் கை நின்றுவிட்டது. இது நடந்தது. முந்தின தேர்தலுக்குப் பிறகு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே. சாலைக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் நிறுத்தம், நடுவில் மலைச்சரிவிலிருந்து இறங்கும் வேகத்தில் வண்டிகள். கடக்க ஒரு கோடுகூடக் கிடையாது. லூர்தெஸ் பிழைத்தாள். தொடைக்குள் எஃகுக் கம்பி வைத்தார்கள். நாகமினே கொய்யாப்பழக் கேக்கோடு மருத்துவமனைக்கு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கே சிக்னல் விளக்கு வரும், என் பொறுப்பு," என்றார்.

வரவில்லை. அவ்வளவுதான். இனி கதையை ஆரம்பிக்கலாம்.

3

அடுத்த தேர்தலுக்கு முந்தின வாரம். மழைத் தூறல். சாலையோரப் புல்லில் வெனான்சியா நாகமினேயின் பெயர்ப் பலகையை மார்போடு பிடித்து நிற்கிறாள். அவருடைய நீலச் சட்டைக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம், அவரை எதிர்த்து நிற்கும் டோரீன் மெதீரோஸின் மஞ்சள் சட்டைக்காரர்கள். பெரிய விளம்பரத் தட்டி வைக்க எங்கள் சட்டம் விடாது, ஆகவே மனிதர்களே தட்டிகள். வண்டிகள் வேகம் குறைத்து, ஹாரன் அடித்து, கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டி எங்கள் ஊர் வணக்கமாக ஆட்டிவிட்டுப் போகும்.

(மற்ற நாட்களில் இங்கே ஹாரன் அடிப்பது மரியாதைக் குறைவு. பலகைக்காரர்களுக்கு அடிக்கலாம். ஆனால் நீலத்துக்கு அடித்தவன் மஞ்சளுக்கும் அடித்துவிட்டுத்தான் போவான். வேட்பாளர்கள் எல்லோரும் அதைத் தங்களுக்கு விழப்போகும் ஓட்டு என்று நினைத்துக்கொண்டு வீடு போவார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்கிற தப்பு இது. இதுவரை யாரும் திருந்தவில்லை.)

நீல வரிசைக்குத் தலைவன் கெயாவே. பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த சிரிப்பு.

"சிரிங்க ஆன்ட்டி வெனா! பல்லு தெரியணும். உங்க பல்லுக்கே ரெண்டு ஓட்டு விழும்."

"இது டாக்டர் கட்டின பல்லு. அதுக்கு ஓட்டு கிடையாது."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். "டேய் கெயாவே! முசுபி மிச்சமிருக்கா? எங்க ஆன்ட்டி டோரீன் வெறும் தண்ணிதான்டா குடுக்கறாங்க!"

"சட்டையைக் கழட்டிட்டு வா, தரேன்!"

"இந்த வயித்தைப் பார்த்தா உங்க ஓட்டும் போயிடும்!"

இரண்டு பக்கமும் சிரித்தது. அந்த மஞ்சள் சட்டைக்காரன் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சோற்றுக்கட்டி மேல் பொரித்த டின் கறி வைத்துச் சுற்றிய முசுபி ஒன்றுக்காகச் சாலையை நிதானமாகக் கடந்து வந்தான். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஓட்டுநர்கள் சிரித்தார்கள். ஒருத்தி சன்னலை இறக்கி, "நல்லா சாப்பிடு!" என்றாள்.

வெனான்சியாவின் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. அவள் பார்த்தது முசுபியை அல்ல. நின்ற வண்டிகளை.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "லூர்தெஸ்! இங்க வா. கடந்து பாரு."

லூர்தெஸ் ஊன்றுகோலோடு புல்லுக்கு வந்தாள். சாலை விளிம்பில் நின்றபோது அவள் மனதில் —

(நிறுத்திவிட்டேன். மனதில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. தொடையில் கம்பி இருந்தது.)

வெனான்சியா பலகையைத் தலைக்கு மேல் தூக்கினாள். வண்டிகள் நின்றன. லூர்தெஸ் கடந்தாள். கோலை ஊன்றி, காலை இழுத்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தாள். விபத்துக்குப் பிறகு அந்தப் பெஞ்சில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. தேர்தல் முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பேருந்து அங்கேதான் வரும்.

4

இங்கே நாகமினேயைப் பற்றி எனக்கு ஒரு சிக்கல். கதைக்கு ஒரு கெட்டவன் இருந்தால் எழுத எளிது. இவர் ஒத்துழைக்க மறுக்கிறார். எல்லோர் பெயரும் நினைவு வைத்திருக்கிறார். இழவுக்கு வருகிறார், வந்தால் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறார். எதிராளியைப் பற்றி ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவருக்கு ஒரு வைப்பாட்டியைக் கொடுக்கலாமா என்றுகூடக் கேட்டேன். வெனான்சியா விரிப்பை உதறினாள்.

"பொய் எழுதாதே. அவர் நல்லவர்தான். அந்த நல்லதனத்தை வச்சுக்கிட்டு நான் சாலையைக் கடக்க முடியுமா?"

என் எரிச்சலின் அடி எங்கே என்று அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே புல்லில் வந்து நிற்கிறார்கள். எந்த இடத்தில் லூர்தெஸ் விழுந்தாளோ அங்கேயே நின்று சிரிக்கிறார்கள். எல்லா வண்டியும் கண்ணுக்கு முன்னால் போகிறது. பார்த்துக்கொண்டே கையாட்டுகிறார்கள்.

5

நாகமினே ஜெயித்தார். மறுநாள் காலை வழக்கப்படி ஜெயித்தவரும் தோற்றவரும் அவரவர் பக்கம் நின்று, "மஹாலோ" என்று எழுதிய பலகைகளைப் பிடித்து ஊருக்கு நன்றி சொன்னார்கள். டோரீன் சாலையைக் கடந்து வந்து அவருக்கு மாலை போட்டார். அவர் டோரீனைத் தழுவிக்கொண்டார். வண்டிகள் நின்றன. அழகான காட்சி. நான் குறை சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் புல்லில் ஒருவரும் இல்லை.

லூர்தெஸ் வேலைக்குக் கிளம்பினாள். அக்காவும் தங்கையும் சாலை விளிம்பில் நின்றார்கள். ஒரு வண்டியும் நிற்கவில்லை. வெனான்சியா கையை ஆட்டினாள். பதிலுக்கு ஒருவன் கையை ஆட்டிவிட்டு அதே வேகத்தில் போனான். லூர்தெஸ் ஒரு காலை வைத்தாள், லாரி அலறியது, காலை இழுத்துக்கொண்டாள். பேருந்து எதிரே வந்தது, நின்றது, போயிற்று.

"இவங்க எல்லாருக்கும் நம்ம முகம் தெரியும்," என்றாள் லூர்தெஸ். "போன வாரம் சிரிச்சாங்களே."

"நம்ம முகத்துக்கு யாரு சிரிச்சா?" என்றாள் வெனான்சியா.

அவள் வீட்டுக்குப் போனாள். பழைய தேர்தல் பலகைகள் எங்கள் ஊரில் கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிடும். மழைக்குத் தாங்கும். தன் கோழிக்கூட்டின் மேல் ஏறி ஒன்றைப் பிடுங்கினாள். கோழிகள் கத்தின. நாகமினே என்ற பெயரில் கிடந்த எச்சத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாள்.

மறுநாள் காலை அந்தப் பலகையோடு தனியாக நின்றாள். முதல் வண்டி வேகம் குறைத்து ஹாரன் அடித்தது. இரண்டாவது நின்றேவிட்டது. லூர்தெஸ் கடந்தாள். பின்னாலேயே வீட்டு வேலைக்குப் போகிற இரண்டு பெண்களும், பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு தாயும் கடந்தார்கள். தினமும் அப்படியே நடந்தது.

(இந்த இடத்தில் நீங்கள் சிரித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் சிரித்தேன். பிறகு, மனுஷிக்கு நிற்காத வண்டி ஒரு பெயருக்கு நிற்கிறதே என்று யோசித்தேன். அதன்பின் சிரிக்க முடியவில்லை.)

6

ஊர் பேச ஆரம்பித்தது. நாகமினே இப்பவே மேயர் பதவிக்கு நிற்கிறானா? தேர்தல் முடிந்து பலகை பிடிப்பது அநாகரிகம் இல்லையா? கெயாவே வந்து கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் நாகமினேயே வந்தார். தூறலில் குடை பிடிக்காமல் அவள் பக்கத்தில் நின்றார்.

"ஆன்ட்டி வெனா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு. ஆன்ட்டி... ஜனங்க என்னைப் பேராசைக்காரன்ங்கறாங்க. முடிஞ்சதும் பலகையை எடுத்துடறதுதானே நம்ம வழக்கம்."

"வழக்கம்தான். விளக்கு எங்கே?"

"சாலை மாநிலத்தோடது, ஓரம் எங்க கவுன்சிலோடது. கம்பம் ஓரத்துல நிக்கணும், ஆனா அது சாலையை நிறுத்தணும். யார் வைக்கறதுன்னு இன்னும் பேசிட்டிருக்கோம்."

"தங்கச்சி விழுந்தது சாலையிலே. உருண்டு கிடந்தது ஓரத்துலே. ரெண்டு பேருக்கும் பங்கு வச்சுத்தானே விழுந்தா?"

அவர் தலை குனிந்தார். உண்மையாகவே குனிந்தார், நான் சேர்க்கவில்லை.

"என் பேரு இல்லாமப் பிடிக்கலாமே ஆன்ட்டி. பின்பக்கம் வெள்ளைதானே?"

"பிடிச்சேன். ஒருத்தனும் நிக்கலே. 'ஆள் கடக்கிறார்கள்'னு எழுதிப் பிடிச்சேன். அதுக்கும் நிக்கலே. டோரீன் பலகையைப் பிடிச்சேன், நின்னாங்க."

நாகமினேயின் முகம் லேசாக மாறியது. "அவங்க பேருக்குமா நின்னாங்க?"

"அதே மாதிரிதான். ஹாரனும் அடிச்சாங்க."

அவர் கையை நீட்டினார். "குடுத்துடுங்க ஆன்ட்டி. அது என் பேரு."

"அப்ப நீ நில்லு," என்றாள் வெனான்சியா. இவ்வளவு நாள் இருந்த 'நீங்க' அந்த நிமிஷத்தில் போய்விட்டது. "பலகை வேண்டாம். உன் முகம் எல்லாருக்கும் தெரியும். தினமும் காலையிலே வந்து நில்லு."

"தினமும் எப்படி ஆன்ட்டி முடியும்?"

"ஓட்டுக்கு முடிஞ்சுதே?"

7

முடிவுகள்.

ஒன்று: விளக்கு வருகிறது, நாடா வெட்டுகிறார்கள், வெனான்சியா — எழுத மாட்டேன். விளக்கு வரவில்லை. வராத விளக்கைக் கதையில் எரியவிட்டால் படிக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டு: நாகமினே மனம் திருந்தித் தினமும் வந்து நிற்கிறார். சலவைக்கூடத்தில் இதைப் படித்துக் காட்டினேன். யாரோ சிரித்தார்கள். வெனான்சியா சிரிக்கவில்லை. "மழை நாளுக்கு என்ன செய்வான்?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று: லூர்தெஸ் மறுபடி அடிபடுகிறாள், இந்த முறை பிழைக்கவில்லை, ஊரே பொங்கி எழுகிறது, விளக்கு வருகிறது. கதை தெரிந்தவர்கள் இதைத்தான் எழுதச் சொல்கிறார்கள், இதுதான் வலுவாக இருக்குமாம். மாநிலமும் கவுன்சிலும்கூட இதற்குத்தான் காத்திருக்கின்றன என்று எனக்குச் சந்தேகம். ஒரு பிணம் விழுந்தால் கோப்பு நகரும். ஒரு விளக்குக் கம்பத்துக்காக நான் அவளைக் கொல்ல மாட்டேன். காகிதத்தில்கூட. கொல்லாமலே வைக்கலாம் ஐயா, அந்தக் கம்பத்தை!

ஆகவே நடந்தது வரை சொல்லி விட்டுவிடுகிறேன். வெனான்சியா பலகையைக் கொடுத்துவிட்டாள். பயந்து அல்ல. "இந்தா, பிடி. எனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்று அவர் கையில் திணித்தாள். அவர் பழக்கதோஷத்தில் பெயர் வெளியே தெரியும்படிதான் பிடித்தார். பிறகு வெட்கப்பட்டு, பெயரை மார்புப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். இப்போது புல்லில் ஒரு மனிதர் வெள்ளைப் பலகையோடு தலை குனிந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் அக்காவும் தங்கையும். எதிரே பேருந்தின் முன்விளக்கு தெரிகிறது. லூர்தெஸ் கோலைத் தாரில் ஊன்றிவிட்டாள்.

சரிவிலிருந்து ஒரு வண்டி இறங்கி வருகிறது. அதில் நான் யாரையும் உட்கார வைக்கவில்லை. அந்த இருக்கை உங்களுக்கு. மழை, கண்ணாடியில் துடைப்பான் ஓடுகிறது, உங்களுக்கும் நேரமாகிவிட்டது. ஓரத்தில் பெயர் எதுவும் தெரியவில்லை. கோலோடு ஒரு பெண் மட்டும் தெரிகிறாள்.

நான் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் கால் எதன் மேல் இருக்கிறது?