காய்ச்சல் வந்த ஷெல்

அந்த ஊரில் பீரங்கி அடித்த ஒரு ஷெல் நினைத்தபடி வந்து விழ முடியாது. முதலில் வாசல் படலையைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பது யார், என்ன தொழில் என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே போய் விழ வேண்டும். சட்டம் அப்படி. உலகத்து நாடெல்லாம் கூடிக் கையெழுத்துப் போட்ட சட்டம்.

மரியபுஷ்பத்தின் பேக்கரிக்கு அது காலையில் வந்தது. போறணை அடுப்பில் பாண் வெந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பாண் போவது அந்த ஒரு போறணையிலிருந்துதான். மற்றப் போறணைகளில் எல்லாம் விசாரணை முடிந்துவிட்டது.

"அக்கா, நிக்கிறியளோ?"

"வா தம்பி, இரு. சாப்பிட்டியோ?"

யார் வந்தாலும் அவள் அப்படித்தான். ஆர், எவர், என்ன அலுவல் என்பதெல்லாம் வயிற்றுக்குள் ஏதாவது போன பிறகுதான். வாங்குப் பலகையில் இருத்தி, சுடச்சுடப் பணிஸும் பிளேன்ரீயும் கொடுத்தாள். ஷெல் ஊதி ஊதித் தின்றது. தின்று முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"குறை நினையாதேங்கோ அக்கா. நேற்று ஒரு துவக்குக்காரனுக்கு இதே வாங்கில வைச்சுப் பணிஸ் குடுத்திருக்கிறியள். அது அவன்ரை வயித்தில இருக்குமட்டும் இது படைக்குச் சாப்பாடு போடுற இடம். விழலாம்."

"பசிக்குது எண்டவனுக்குக் குடுத்தனான். துவக்குக்கோ குடுத்தனான்?"

"விளங்குது. சட்டம் வயித்தைத்தான் பாக்கும்."

"ஆஸ்பத்திரியில கிடக்கிற சனத்தின்ரை வயித்தையும் பாக்குமோ?"

"பாத்தவை அக்கா. தராசில வைச்சுப் பாத்தவை. ஒரு தட்டில அவன், மற்றத் தட்டில ஆஸ்பத்திரி. அவன்ரை பக்கம் கொஞ்சம் சரிஞ்சதாம்."

மரியபுஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த மாவைப் பலகையில் ஓங்கி அடித்தாள்.

"ஆரடா அந்தத் தராசு பிடிச்சவன்? எப்பிடி விழவேணும், ஆரிட்டைக் கேட்டு விழவேணும் எண்டெல்லாம் குந்தியிருந்து யோசிச்ச பெரிய மனுசருக்கு, விழாதை எண்டு சொல்ல வாய் வரேல்லையோ?"

"அது வேறை சட்டம் அக்கா. சண்டை பிடிக்கலாமோ எண்டதை அவை பாக்கினம். பிடிக்கத் தொடங்கினாப் பிறகுதான் எங்கட சட்டம்."

"அவையிட்டைக் கேட்டனியோ?"

"அவை இன்னும் கூடேல்லை." ஷெல் எழும்பியது. "ஆக்களை வெளியால போகச் சொல்லுங்கோ. அதையும் நான் சொல்லிப்போட்டுத்தான் விழவேணும்."

எழும்பியது அப்படியே தள்ளாடியது. ஆகாயத்துக் குளிரில் திரிந்த உடம்பு, சுடுபணிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. மரியபுஷ்பம் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். அனலாய்க் கொதித்தது.

"உனக்குக் காய்ச்சலடா."

ஷெல் வெட்கப்பட்டது. நோயில் விழுந்த வருத்தக்காரர் எந்தப் படையென்றாலும் சண்டைக்கு வெளியே. கையில் அகப்பட்டவர்கள் அவரைப் பராமரிக்க வேண்டும். வருத்தக்காரர் படுத்திருக்கும் கூரைமேல் எவரும் விழக்கூடாது. இதுவும் அதே சட்டம்தான். நடுங்கிக்கொண்டே ஷெல்தான் அவளுக்கு இதைச் சொன்னது.

அவள் அதை மாமூட்டைகளின் மேல் படுக்கவைத்துச் சாக்கால் போர்த்தினாள். மல்லித்தண்ணி அவித்தாள். கோபம் தணியாமலேதான் எல்லாம் செய்தாள்.

"காய்ச்சல் மாறினா என்ன செய்வாய்?"

"விழுவன் அக்கா. மன்னியுங்கோ."

"வாயை மூடிக்கொண்டு குடி."

சட்டம் கேட்டபடி மல்லித்தண்ணியை நேரத்துக்கு நேரம் கொடுத்தாள். வருத்தக்காரருக்குப் பசித்தால் சுடுபணிஸ் கொடுக்கக்கூடாதென்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஷெல்லுக்கு அடிக்கடி பசித்தது. ஆஸ்பத்திரிக்குப் பாண் போனது.

முதல் ஷெல் விழாததால் இன்னொன்று விசாரிக்க வந்தது. அதன் பின்னால் வேறொன்று. எல்லாம் வாங்கில் இருந்தன, தின்றன, படுத்தன. பின்னேரம் ஒழுங்கை நிறையச் சனம் பாயும் தலையணையும் கொண்டுவந்து நின்றது, வீட்டுக்கொரு ஷெல் கேட்டு.

முன்னுக்கு நின்ற தையல்கார நாகரத்தினம் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மெல்லிசானதாப் பாத்துத் தாங்கோ. எங்கட வீடு சின்னன்."

"மெல்லிசெல்லாம் போயிட்டுது," என்றாள் மரியபுஷ்பம். "அந்த மூலையில இருக்கிறதைக் கொண்டு போ. கொஞ்சம் இருமும்."