ஒட்டுக் கண்கள்

தையல்காரியால் உட்கார முடியவில்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். அடுத்த நொடி எழுந்து சுவரில் இருந்த மாதிரிப் படங்களைப் பார்ப்பதுபோல நடந்தாள். ஸ்டூடியோவில் நடக்கவும் இடமில்லை. முக்காலியில் இடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இன்னும் திறக்கலியாக்கா?"

"அந்த மணல் கடிகாரம் சுத்துது பாரு, அது நின்னாதான்" என்றாள் ஸ்டூடியோ அக்கா.

புதுக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய விண்டோஸ், பழைய போட்டோ மென்பொருள். அந்த மென்பொருளில் செய்த படங்களை இப்போது வேறு எதிலும் திறக்க முடியாது. அதை ஓட்டி வந்த பழைய பெட்டியோ செத்துப்போய்விட்டது. பக்கத்தில் நின்ற அக்காவின் கொழுந்தன்தான் இப்படி ஒரு வழி செய்துகொடுத்தான். விர்ச்சுவல் மெஷின் என்றான்.

"செத்த பெட்டி உள்ள உக்காந்து ஓடுதுன்னா, பேய் பிடிச்ச மாதிரியில்ல இருக்கு?" என்றாள் அக்கா.

"பேய் இல்ல அண்ணி, புள்ளத்தாச்சி. வயித்துக்குள்ள இன்னொண்ணு இருக்கு. அவசரப்படுத்தக் கூடாது."

தையல்காரி சிரிக்கவில்லை.

அவளுடைய அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அம்மா இருக்கும் ஒரே குடும்பப் படம் இந்த ஸ்டூடியோவில் எடுத்ததுதான். அன்று எல்லாருடைய முகமும் நன்றாக விழுந்த படத்தில் அம்மா மட்டும் கண்ணை மூடியிருந்தாள். அக்கா அதே நாளில் சித்தியைத் தனியாக எடுத்த படத்திலிருந்து கண்களை வெட்டி, அம்மாவின் முகத்தில் ஒட்டி, மூக்கையும் வாயையும் அதோடு சேர்த்துத் திருத்திவிட்டாள். ஒட்டினது தெரியவில்லை என்று எல்லாரும் மெச்சினார்கள். இப்போது அந்தப் படத்திலிருந்து அம்மா மட்டும் பெரிதாகி வீட்டுச் சுவரில் தொங்குகிறாள்.

"எங்கம்மா என்னை ஒரு நாளும் அப்படிப் பாத்ததில்லக்கா. அது சித்தி பார்வை. ஏன்டி இவ்ளோ நேரம், எங்க போயிருந்தேன்னு கேக்குற பார்வை. சோறு போட்டு உக்காந்தா சுவத்துலேர்ந்து முறைக்குது. அடியில எங்கம்மா முகம் இருக்கும்ல? அது எனக்கு வேணும்."

இருந்தது. அந்த மென்பொருளில் ஒட்டுவதெல்லாம் கண்ணாடித் தாள்போல ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும், லேயர் என்பார்கள். மேல் லேயரை மறைத்தால் அடியில் இருப்பது தெரியும்.

மணல் கடிகாரம் நின்றது. படம் விரிந்தது. ஓரத்தில் இரண்டு லேயர்கள்.

"இருக்கு!" என்றாள் அக்கா.

அதே சமயம் வாசலில் ஒருவர், "பாஸ்போர்ட் போட்டோ இப்பவே கிடைக்குமா?" என்று குரல் கொடுத்தார். அக்கா "உக்காருங்க சார்" என்று தலையைத் திருப்பினாள். கை தலையோடு திரும்பவில்லை. இந்தப் படம் செய்த சில நாளிலேயே பழைய பெட்டிக்கு நினைவகம் போதாமல் போயிருந்தது. லேயர்களை ஒன்றாக ஒட்டிச் சேமித்து மூடாவிட்டால் மூச்சு முட்டி நின்றுவிடும். வருஷக்கணக்காக அந்த விரல்களுக்கு அதுவே பாடம். பழைய கருவிப் பட்டையைப் பார்த்ததும் விரல்கள் ஒட்டின, சேமித்தன, மூடின.

"அண்ணி, என்ன பண்ணீங்க?"

"நான் எங்க பண்ணேன்? கை பண்ணிடுச்சு!"

மறுபடி திறந்தார்கள். ஒரே லேயர். சித்தியின் கண்கள் அம்மாவின் முகத்தில் நிரந்தரமாகிவிட்டிருந்தன.

"வேற காப்பி?" என்றாள் தையல்காரி.

பழைய ஹார்ட் டிஸ்க், படங்களை நகலெடுத்த கையோடு கரகரவென்று சத்தம் போட்டு ஓய்ந்திருந்தது. அக்கா அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மேஜையைத் துடைத்தாள். பாஸ்போர்ட்காரர் மெல்ல எழுந்து, "அப்புறம் வர்றேன்" என்று நழுவினார்.

கொழுந்தன் தலையைப் பிய்த்துக்கொண்டான். "இருங்க. இந்த மெஷினை அமைச்சப்ப ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அதுக்குத் திரும்பினா மெஷின் முழுக்க அப்ப இருந்தபடியே ஆயிடும். ஆனா படங்களை உள்ள போட்டப்புறம் எடுத்தேனா, முன்னாடியே எடுத்தேனா?"

"என்கிட்ட கேட்டா?" என்றாள் அக்கா.

"திரும்பிப் பாத்தாதான் தெரியும். அதுக்கு முன்னாடி இப்ப இருக்கறதையும் ஒண்ணு எடுத்து வச்சுக்கறேன், இருக்கறதும் போயிடக் கூடாது. அண்ணி, நீங்க எதையும் தொடாதீங்க."

அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். உள்ளே இருந்த ஜன்னல் கறுத்தது. கறுப்பாகவே இருந்தது. தையல்காரி நகத்தைக் கடித்தாள், துப்பினாள், வாசல்வரை போனாள், வந்தாள். பழைய விண்டோஸ் எழுந்தது. கோப்புறை இருந்தது. படம் இருந்தது. திறந்தபோது இரண்டு லேயர்கள் இருந்தன.

கொழுந்தன் மேல் லேயரை மறைத்தான்.

சித்தி போனாள். அடியில் அம்மாவின் கண்கள் இறுக மூடியிருந்தன. மூக்கு சுருங்கி, வாய் பாதி திறந்து, ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"ஐயோ, இதையா மாட்டப் போறே?" அக்கா பதறினாள். "பாக்குறவங்க என்ன சொல்வாங்க? வேணும்னா வேற கண்ணு..."

"யாரோடது?" என்று கேட்டாள் தையல்காரி.

தையல்காரி திரையருகே குனிந்தாள். கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு திரையில் அம்மாவின் முகத்தை மட்டும் போனில் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்தீங்களாப்பா?"

"கண்ணாடிய தேடிட்டு இருக்கேன், இரு." எதையோ உருட்டும் சத்தம். "யாரு இது, மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு?"

"அம்மாப்பா. நிஜமாவே அம்மா."

தையல்காரி போனைக் காதில் வைத்துப் பார்த்தாள், மறுபடி மேஜையில் வைத்தாள்.

"அப்பா? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. பழசே இருக்கட்டும்."

"தும்மினாடி" என்றார் அவர். "பவுடர் பூசிவிட்டாங்கல்ல, ஒத்துக்கல. அடக்கி அடக்கிப் பாத்துட்டு, ஃப்ளாஷ் அடிச்சதும் தும்மினா. எல்லாம் என் புதுச் சட்டை மேல." அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. "பெருசா போடச் சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருக்கறதும் சேத்து வரட்டும்."